கப்பலோட்டிய கம்பெனியும் நம் முன்னோர் ஏறிய கப்பலும்

ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே வாழும் நமக்குக் கடலைக் காண்பது அரிது. ஆயினும் கடலைக் கடவாமல் நம் குடும்பத்தார் எவரும் இம்மலைக்கு வந்தவரல்லர். அவர்களைச் சுமந்து வந்த கப்பல்கள் யாருடையவை? அவற்றை எதிர்த்துத் தமிழர் ஒருவர் கப்பல் விட்ட வரலாறு யாது? இவ்விரண்டையும் சேர்த்தே நாம் கற்றல் வேண்டும்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடந்த கப்பல் வாணிகம் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கையில் இருந்தது. அக்கம்பெனி 1856ஆம் ஆண்டு கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே கப்பல் விடுவதற்காகத் தொடங்கப்பட்டு, 1862இல் இப்பெயரைப் பெற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களைக் கொண்ட பெருநிறுவனமாக அது வளர்ந்தது. சரக்குக்கும் பயணிகளுக்கும் அது கேட்டதே கட்டணம்.

இந்நிலையை மாற்ற முன்வந்தவர் ஒட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்த வழக்கறிஞர் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவராக அமர்ந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகப் பெருமகனார் ஒருவரே 8,000 பங்குகளுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் அளித்தார். ஆசியர் எவரும் பங்குதாரர் ஆகலாம் என்பது விதி. சாதி மத வேறுபாடு மிகுந்திருந்த அக்காலத்தில் இவ்விதி நம்மை வியக்க வைக்கிறது.

கம்பெனி பிறந்ததே தவிர, அதனிடம் சொந்தக் கப்பல் ஒன்றுமில்லை. முதலில் ஷா லைன் என்னும் கம்பெனியின் கப்பல்களை வாடகைக்கு எடுத்தனர். பிரிட்டிஷ் கம்பெனியின் நெருக்குதலால் அவ்வாடகை முறிந்தது. உடனே கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தினார் வ.உ.சி. பின்னர்க் கப்பல் வாங்கும் உறுதியோடு பம்பாய்க்குச் சென்றார். 1907ஆம் ஆண்டு ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. காலியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளும் நாலாயிரம் மூட்டைச் சரக்கும் ஏறலாம்.

இனிப் போட்டி தொடங்கியது. பிரிட்டிஷ் கம்பெனி கொழும்புப் பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. உடனே பிரிட்டிஷ் கம்பெனி இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும் குடை ஒன்றும் தருவதாகவும் அறிவித்தது என்று வ.உ.சி. வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

குடை கொடுத்தால் நட்டம் வாராதோ என்று மாணவர் கேட்கலாம். தானா ராத்தாவில் இருவர் கடை வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒருவருக்கு அந்த ஒரு கடையே சொத்து. மற்றவருக்கு நாடெங்கும் நூறு கடைகள். இரண்டாமவர் இங்கே அரிசியை இலவசமாகக் கொடுத்தாலும், மற்றக் கடைகளின் இலாபத்தைக் கொண்டு ஓராண்டு தாங்குவார். முதலாமவர் ஒரு மாதமும் தாங்கமாட்டார். அவர் கடையை மூடியபின் அரிசி விலை என்னவாகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள். இரு கப்பல்களுக்கும் நூறு கப்பல்களுக்கும் நடந்த போட்டி இத்தகையதே. இதனைத் திறமைக் குறைவு என்று சொல்வது பொருந்தாது.

அரசின் கையும் இதில் இருந்தது. 1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி. அவர்களுக்குத் துணை நின்றார். மார்ச் 12ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். ஜூலை 7ஆம் நாள் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தார். 1912ஆம் ஆண்டு டிசம்பரில் விடுதலையாகி வந்தபோது அவருடைய கம்பெனி இல்லை. 1911இலேயே கலைக்கப்பட்டுக் கப்பல்கள் விற்கப்பட்டிருந்தன.

நம் மலாயாவில் கதை வேறு. இங்குக் கரையோரத் துறைமுகங்களுக்கிடையே ஈயமும் ரப்பரும் ஏற்றியது 1890இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஸ்டிரெயிட்ஸ் ஸ்டீம்ஷிப் கம்பெனி. ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் தமிழ்த் தொழிலாளரை ஏற்றி வந்தது அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியே. காலியாவும் லாவோவும் வந்த அதே 1907இல் இங்குத் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து, அந்நிதியிலிருந்து கூலியாட்களின் கப்பல் கட்டணம் கட்டப்பட்டது. ஆகவே கங்காணியோடு வந்தவர் பலர் கையிலிருந்து காசு கொடாமலே கப்பலேறினர். அதுவும் இலவசப் பயணமே. ஆயினும் அதற்கு ஈடாக அவர்கள் தந்தது எவ்வளவு என்பதை நம் தோட்டத்து லயங்கள் அறியும். 1938இல் இந்திய அரசு இவ்வாள் சேர்ப்பைத் தடை செய்தது.

1929ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டம் முதலாக இம்மலையில் காடழித்துக் கன்று நட்டவர்களுள் பலரும் அவ்வழி வந்தவர்கள், அல்லது அவர்தம் மக்கள். அவர்கள் வாயில் அதிகம் அடிபட்ட பெயர் ‘ரஜூலா’. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பெற்ற அக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, அவர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் பயணம் செய்தனர். 1973இல் ரஜூலா இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, மறு ஆண்டே உடைக்கப்பட்டது. அதனை ஓட்டிய கம்பெனியும் 1970களில் தாய் நிறுவனமாகிய பி அண்ட் ஓ கம்பெனியுள் மறைந்தது.

நம் பள்ளி மாணவருள் எவர் வீட்டுத் தகரப் பெட்டியிலாவது பாட்டனாரோ கொள்ளுப் பாட்டனாரோ வைத்துச் சென்ற கப்பல் டிக்கெட்டோ பழைய கடப்பிதழோ இருப்பின், பெற்றோர் இசைவு பெற்று வரலாற்று ஆசிரியரிடம் காட்டுங்கள். ஏறிய துறை, இறங்கிய துறை, நாள், கப்பலின் பெயர் ஆகியவற்றைப் படியெடுத்துக்கொண்டு தாள்களைத் திருப்பித் தந்துவிடுவோம்.