மூச்சடக்கலும் மூளையின் எச்சரிக்கையும்

கீழக்கரை, பெரியபட்டினம் கடலில் சங்கு குளிக்கும் நம் சகோதரர்கள் அறிய வேண்டிய உண்மையொன்றுண்டு. நீருக்குள் மூச்சடக்கும்போது, "போதும், மேலே வா" என்று உடல் அவசரப்படுத்துகிறதல்லவா? பிராணவாயு குறைவதால் எழும் அவசரம் அதுவென்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அப்படியன்று. இரத்தத்தில் கரியமிலவாயு மிகுவதை உணர்ந்தே மூளையின் அடித்தண்டு அவ்வெச்சரிக்கையை எழுப்புகிறது.

குதிக்குமுன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்து விட்டால் கரியமிலவாயு வெகுவாகக் குறைந்துவிடும். பிராணவாயுவோ அதற்கேற்பக் கூடுவதில்லை. ஆகவே எச்சரிக்கை தாமதமாகும். அது வருமுன்னரே பிராணவாயு மிகக் குறைந்து நினைவு தப்பலாம். மேலேறி வரும் கடைசிப் பாகங்களில் இவ்வாபத்து அதிகம்.

எனவே நிதானமாக மூச்செடுத்தே குதிக்க வேண்டும், தனியே இறங்கலாகாது, தோணியிலிருந்து ஒருவர் கவனித்திருக்க வேண்டும். உயிர் அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். கடலுக்குப் போவோரிடம் இதை எடுத்துச் சொல்வோமாக.