பெரிய எஞ்சின், அதே இரண்டு சக்கரங்கள்

1988-இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் கொராடோ என்ற முன்சக்கர இயக்க ஸ்போர்ட்ஸ் கூப்பே காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் ஜி60 ரகத்தில் இருந்தது 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின். சூப்பர்சார்ஜர் துணையோடு 160 குதிரைத்திறன் தந்தது. சில ஆண்டுகளில் அதே காருக்குள் ஆறு சிலிண்டர் விஆர்6 எஞ்சினை வைத்தார்கள். ஐரோப்பியச் சந்தைக்கு 2.9 லிட்டர், 190 குதிரைத்திறன். சிலிண்டர்களுக்கு இடையே 15 டிகிரி கோணமே கொண்ட, ஒரே ஹெட்டில் அடங்கிவிடும் ஒடுக்கமான எஞ்சின் அது. குறுக்குவாட்டில் உட்காரவென்றே வடிவமைத்தது. அப்படியும் பானட்டை உயர்த்த வேண்டிவந்தது. முன் சஸ்பென்ஷன் மாறியது, முன்சக்கரங்களுக்கு இடையிலான அகலம் கூடியது, அதை மூட மட்கார்டு அகன்றது, நான்கு போல்ட் சக்கரம் ஐந்து போல்ட் சக்கரமானது.

கூடிய திறன் வெறும் 30 குதிரை. அதற்கே ஒரு கார் தொழிற்சாலை இவ்வளவையும் தொட்டிருக்கிறது. எஞ்சின் மாற்றும் ஆசையோடு ஷெட்டில் இறங்குபவர் முதலில் படிக்க வேண்டிய பட்டியல் இதுதான். ஆனால் பெரும்பாலானவர்கள் எஞ்சினை வாங்கிவிட்டுத்தான் மற்றதை யோசிக்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்த வேலை அதிகம் நடப்பது 1990-களின் ஹோண்டாக்களில். குறிப்பாக 1994 முதல் 2001 வரை ஹோண்டாவின் அக்யூரா பிராண்டில் விற்ற இன்டெக்ரா கூப்பே. சாதாரண ரகத்தில் 1.8 லிட்டர் பி18பி1 எஞ்சின், சுமார் 140 குதிரைத்திறன். அதை இறக்கிவிட்டு, 2000-களில் வந்த கே வரிசை எஞ்சினை ஏற்றுவது வழக்கம்: ஆர்எஸ்எக்ஸ் டைப்-எஸ் காரின் 2.0 லிட்டர் கே20ஏ2, அல்லது டிஎஸ்எக்ஸ் செடானின் 2.4 லிட்டர் கே24ஏ2. இரண்டும் வந்த புதிதில் 200 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்டவை.

டயரில் தொடங்கும் கணக்கு

ஆக்சிலரேட்டரை மிதித்ததும் காரின் எடை பின்னோக்கிச் சாயும். பின்சக்கர வண்டிக்கு அது லாபம். முன்சக்கர வண்டியிலோ, எந்தச் சக்கரங்கள் தரையைப் பிடித்து இழுக்க வேண்டுமோ அவற்றின் மேலிருந்தே எடை குறைகிறது.

ஒரு தோராயக் கணக்கு போடலாம். ஓட்டுநரோடு 1,250 கிலோ எடை. அதில் 62 சதவீதம் முன்சக்கரங்கள் மேல். முன் பின் அச்சுகளுக்கு இடையே இன்டெக்ராவின் 2.57 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர், டயரின் பிடிமான எண் 0.9. இப்படி வைத்தால், அந்தக் கார் எட்டக்கூடிய உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியைக்கூடத் தொடாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் தரை ஏற்றுக்கொள்ளும் திறன், சக்கரத்தில் அளந்தால், சுமார் 130 குதிரை. 100 கிலோமீட்டரில் அது சுமார் 215.

அதாவது, 200 குதிரைத்திறன் எஞ்சினின் முழுப் பயனும் நெடுஞ்சாலை வேகத்தில்தான் கிடைக்கும். கீழ் கியர்களில் டயர் புகைந்து தேயும், அவ்வளவே. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் டயர், சஸ்பென்ஷன், லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் மூன்றுக்கும் பணத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில்தான் எஞ்சின் தேடுகிறார்கள். அந்த டிஃபரென்ஷியல் இல்லாவிட்டால், வளைவில் எடை குறைந்த உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுழன்று திறனைத் தின்றுவிடும். ஹோண்டா தன் இன்டெக்ரா டைப்-ஆர் காருக்குத் தொழிற்சாலையிலேயே அதைப் பொருத்தித் தந்ததற்குக் காரணம் இதுதான். அந்தக் காரின் உடல் தகடுகளுக்கும் கூடுதல் வலு கொடுத்தார்கள்; அமெரிக்க ரகத்தில் 262 மில்லிமீட்டர் முன் பிரேக் டிஸ்க் 282 ஆனது, நான்கு போல்ட் ஐந்தானது. கொராடோவில் பார்த்த அதே பட்டியல், வேறொரு கம்பெனியில்.

ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும் தொல்லையும் உண்டு. இடது வலது ஆக்சில்களின் நீளம் வேறுபட்டால் அது பெருகும். இடையில் ஒரு துணைத் தண்டு வைத்து இரண்டு ஆக்சில்களையும் ஏறக்குறைய ஒரே நீளமாக்குவது நெடுநாள் வழக்கம். 2009-இல் வந்த ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் 305 குதிரைத்திறனை முன்சக்கரங்களுக்கே அனுப்பியது. அதற்காக ரெவோநக்கிள் என்ற தனி முன் சஸ்பென்ஷன் அமைப்பையே வைத்தார்கள். ஷெட்டில் அப்படியொன்றைச் செய்ய முடியாது. அந்தக் கார் தொட்ட எல்லையை எட்டிப்பிடிக்கும் ஆசையை விட்டுவிடலாம்.

எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்

லிட்டரை மட்டும் பார்த்து எஞ்சின் வாங்கினால் ஏமாற்றம்தான். 2002 ஆர்எஸ்எக்ஸ் சாதாரண ரகத்தில் இருந்தது கே20ஏ3, டைப்-எஸ் ரகத்தில் கே20ஏ2. இரண்டும் 2.0 லிட்டர். ஒன்று 160 குதிரை, மற்றது 200. வேறுபாடு ஹெட்டில் இருக்கிறது: ஒன்றின் விடெக் என்ற வால்வு இயக்க அமைப்பு சிக்கனத்துக்காக அமைந்தது, மற்றது உயர் சுழற்சியில் வால்வுகளை அதிகம் திறக்க அமைந்தது. கே24 குடும்பத்திலும் இதே கதை. எஞ்சினில் பொறித்த குறியீட்டைக் கடைசி எழுத்துவரை சரிபார்த்த பிறகே பணம் கைமாற வேண்டும்.

கே20ஏ2 கிட்டத்தட்ட 8,000 சுழற்சிவரை ஓடும். கே24ஏ2 அவ்வளவு ஏறாது. ஆனால் கீழ்ச்சுழற்சியில் முறுக்குவிசை கூடுதல், சுமார் 225 நியூட்டன் மீட்டர், சின்னதற்கு 190-ஐ ஒட்டி. தினமும் ஓட்டும் காருக்குப் பலர் பெரியதைத் தேர்வதற்கு அதுவே காரணம். விலையும் உண்டு: கே24 பிளாக் கே20-ஐவிட 19.5 மில்லிமீட்டர் உயரம். பானட் மூடுமா என்ற கேள்வி அந்த இரண்டு சென்டிமீட்டரில்தான் நிற்கிறது.

முடிந்தால் இடிபட்ட முழுக் காரையே வாங்குவது நல்லது. எஞ்சின், கியர்பாக்ஸ், ஒயரிங், இசியு என்ற எஞ்சின் கணினி, ஆக்சில் தண்டு, கியர் லீவர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். எஞ்சின் ஓடுவதைக் காதால் கேட்டு, கம்ப்ரஷன் பார்த்து எடுக்கலாம். தேவையற்றதை விற்றால் பாதிச் செலவு திரும்பும் என்று நம்ப வேண்டாம், ஆனால் கொஞ்சம் திரும்பும். தரையில் கிடக்கும் எஞ்சினை வாங்குவதானால் குறைந்தபட்சம் வால்வு மூடியைக் கழற்றி கேம் லோப்களைப் பார்த்துவிட வேண்டும்.

திசையே மாறிவிடும்

இன்டெக்ராவின் பழைய எஞ்சினும் கே வரிசையும் எதிரெதிர்த் திசையில் சுழல்பவை. பழையதில் கியர்பாக்ஸ் காரின் வலப்பக்கம். கே வரிசையில் இடப்பக்கம். பழையதில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டு ஃபயர்வால் பக்கம், புகை வெளியேறும் பக்கம் ரேடியேட்டரை நோக்கி. கே வரிசையில் இது தலைகீழ். ஆகவே எஞ்சின் மவுண்ட் ஒன்றுகூடப் பொருந்தாது. ஃபீனிக்ஸ் நகரிலுள்ள ஹாஸ்போர்ட் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே மவுண்ட்களை விற்கின்றன. வெல்டிங் செய்து தாமே உருவாக்குவதைவிட அது மலிவு என்பது பலர் கண்ட உண்மை. எஞ்சின் ஒரு சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் ஆக்சில் கோணம் கெட்டு, ஜாயின்ட்கள் சீக்கிரம் தேயும்.

ஆக்சிலின் உள்முனை புதிய கியர்பாக்ஸுக்கும் வெளிமுனை பழைய ஹப்புக்கும் பொருந்த வேண்டும்; அதற்கென்று கலந்து செய்தவற்றை வாங்க வேண்டும். கியர் மாற்றும் கம்பி இணைப்புக்குப் பதிலாக கேபிள் வரும். கிளட்ச் விஷயத்தில் இன்டெக்ராக்காரருக்கு அதிர்ஷ்டம்: ஏற்கெனவே ஹைட்ராலிக். 1988–91 ஹோண்டா சிஆர்எக்ஸ் காரில் கேபிள் கிளட்ச் என்பதால் பெடல் பக்கமும் வேலை கூடும்.

முன்னால் வந்துவிட்ட மேனிஃபோல்டு ரேடியேட்டரின் இடத்தைத் தின்னும். மெல்லிய மின்விசிறியோ இடம் மாற்றிய ரேடியேட்டரோ தேவைப்படும். ஏசியும் பவர் ஸ்டியரிங்கும் வேண்டுமா என்று முதல் நாளே முடிவெடுக்க வேண்டும். பல எஞ்சின் மாற்றுக் கிட்கள் இரண்டும் இல்லை என்று வைத்துக்கொண்டே வடிவமைக்கப்பட்டவை. எல்லாம் பொருத்திய பிறகு ஏசி கேட்டால் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும்.

ஒயரிங்கைக் கண்டுதான் பலர் மிரள்கிறார்கள். இன்று உண்மையில் எளிதான பகுதி அதுதான். காரின் பழைய ஒயரிங்கையும் புதிய எஞ்சின் ஒயரிங்கையும் இணைக்கும் ஹார்னஸ் தயாராகவே கிடைக்கிறது. ஆர்எஸ்எக்ஸ் இசியு தன் சாவியை அடையாளம் காணாவிட்டால் எஞ்சினை ஓடவிடாது. ஹோண்டேட்டா நிறுவனத்தின் கே-ப்ரோ பொருத்திய இசியு அந்தப் பூட்டையும் விடுவித்து, எரிபொருள் அளவையும் மாற்ற வழிசெய்கிறது.

சட்டம்

கலிபோர்னியாவில் எஞ்சின் மாற்றிய காரை மாநில அரசின் வாகனப் பழுதுபார்ப்புத் துறை நியமித்த ரெஃப்ரீயிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். புதிய எஞ்சின் காரின் மாடல் ஆண்டுக்குச் சமமாகவோ பிந்தியதாகவோ இருக்க வேண்டும். அதனுடன் வந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் முதல் சென்சார் வரை உமிழ்வுக் கருவிகள் அனைத்தும் பொருத்தியிருக்க வேண்டும். 1998 இன்டெக்ராவில் 2004 டிஎஸ்எக்ஸ் எஞ்சின் என்றால் ஆண்டுக் கணக்கு சரி. இலகு டிரக் பிரிவில் சான்று பெற்ற எஞ்சினைக் காரில் வைத்தால் சிக்கல். ஜப்பானிலிருந்து வரும் 220 குதிரைத்திறன் கே20ஏ ஆசை காட்டும். ஆனால் அது அமெரிக்க உமிழ்வுச் சான்றோடு விற்ற எஞ்சின் அல்ல. ரெஃப்ரீ என்ன கேட்பார் என்பதை எஞ்சின் வாங்கும் முன்பே விசாரித்துவிட்டால், அழகான பந்தய எக்ஸாஸ்டை வாங்கிக் கழற்றி வைக்கும் செலவு மிச்சமாகும்.

வேலை வரிசை

பாதியில் நின்றுபோன எஞ்சின் மாற்றுக் கார்கள் விற்பனை விளம்பரங்களில் எப்போதும் உண்டு. கார் ஓடாமல் நின்றுவிட்டால் ஆர்வமும் நின்றுவிடுகிறது. அனுபவப்பட்டவர்கள் வேலையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். பிரேக், சஸ்பென்ஷன், டயர், பெட்ரோல் லைன் எல்லாம் பழைய எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு வாரஇறுதியாக முடிந்துவிடும். மறுபக்கம் புதிய எஞ்சினுக்கு ஸ்டாண்டிலேயே சீல், கிளட்ச், வாட்டர் பம்ப் மாற்றிவிடுவார்கள். காருக்குள் போன பிறகு அவற்றை எட்டுவது சிரமம். எல்லாப் பொருளும் கைக்கு வந்த பிறகே பழைய எஞ்சினை இறக்குகிறார்கள்.

இறக்கியதும் பெயின்ட் அடிக்க அவசரப்படாமல், புதியதை ஒருமுறை வெறுமனே உள்ளே வைத்துப் பார்க்கிறார்கள். பானட் மூடுகிறதா, ஹெட்டர் ஸ்டியரிங் ரேக்கைத் தொடுகிறதா, ஆயில் பேனுக்குக் கீழே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்த பிறகுதான் மற்றவை.

எஞ்சின் முதல்முறை ஓடியபிறகும் வேலை பாக்கி. கூலன்ட் அமைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும், சக்கர அலைன்மென்ட் புதிதாகப் பார்க்க வேண்டும். சில நூறு கிலோமீட்டருக்குள் மவுண்ட் போல்ட்களையும் ஆக்சில் நட்களையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்க வேண்டும். எரிபொருள், இக்னிஷன் அட்டவணைகளை டைனோமீட்டரில் வைத்துத் திருத்தும்வரை முழு ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் இருப்பது எஞ்சினுக்கு நல்லது.