திரையைத் திறந்து காட்டாதீர்கள்

ரீசார்ஜ் பணம் போகவில்லை, மிக்ஸி ஓடவில்லை என்றால் உடனே கூகுளில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடுகிறோம். பலர் மாட்டுவது அங்கேதான். முதலில் வரும் எண்ணே மோசடிக்காரர் போட்டு வைத்ததாக இருக்கலாம். பில்லிலோ ஏடிஎம் கார்டின் பின்புறமோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு மட்டும் பேசுங்கள்.

எதிர்முனையில் இருப்பவர் அன்பாகவே பேசுவார். “ஒரு சின்ன ஆப் போடுங்கம்மா, நானே சரி பண்ணித் தர்றேன்” என்பார். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை அலுவலகங்களில் பயன்படும் நல்ல ஆப்கள்தான். ஆனால் அவற்றில் தெரியும் எண்ணை அவரிடம் சொல்லி, அனுமதி பட்டனையும் அழுத்திவிட்டால் உங்கள் திரை அவருக்கும் தெரியும். பிறகு ஓடிபியை நீங்கள் வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம். எஸ்எம்எஸ் வந்ததும் அவரே படித்துக்கொள்வார். 2019-லேயே ரிசர்வ் வங்கி இது பற்றி எச்சரித்தது.

கம்ப்யூட்டரில் திடீரென்று சைரன் அலறி, ‘வைரஸ்! இந்த எண்ணுக்குக் கூப்பிடவும்’ என்று வந்தால் பதறாதீர்கள். அது வெறும் இணையப் பக்கம். பிரவுசரை மூடுங்கள், மூட முடியாவிட்டால் கம்ப்யூட்டரையே அணைத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது.

ஆப்பில் அனுமதி கொடுத்துவிட்டீர்களா? முதலில் இணையத்தைத் துண்டியுங்கள், பிறகு ஆப்பை நீக்குங்கள். வேறொரு போனில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் தடுத்து நிறுத்த வழியுண்டு. அப்பா, அம்மா போனில் 1930 என்ற எண்ணை இன்றே பதிந்து கொடுங்கள்.