சாலையோரப் பட்டறையின் பொருளாதாரம்

1980களில் கோடை நண்பகலொன்றில் தில்லிச் சாலைகளில் சென்றவர்கள் ஒரு காட்சியைத் தவறாது கண்டிருப்பர். அம்பாசடர் அல்லது பியட் கார் ஒன்று முன்மூடியைத் திறந்தபடி ஓரமாக நிற்கும். அதன் பெட்ரோல் பம்பின்மீது ஈரத்துணி சுற்றப்பட்டிருக்கும். எஞ்சினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருந்த அந்தப் பம்பு மிகுதியாகச் சூடேறினால், உள்ளிருக்கும் பெட்ரோல் ஆவியாகிக் குமிழிகளாக மாறும். பம்பு நீர்மத்தைத் தள்ளுமேயன்றி ஆவியைத் தள்ளாது. ஆகவே எஞ்சின் நின்றுவிடும். ஈரத்துணி பம்பைக் குளிர்வித்ததும் ஆவி மீண்டும் நீர்மமாகி வண்டி புறப்படும். இந்த வைத்தியத்தைச் செய்தவர் பெரும்பாலும் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட ஒரு சாலையோர மெக்கானிக்காக இருப்பார். அவர் வெப்பவியல் கற்றவரல்லர். ஆயினும் அதன் விதியொன்றை அன்றாடம் கையாண்டவர்.

இத்தகைய மெக்கானிக்குகள் நம் நாட்டுப் பொருளாதாரத்தில் பெறும் இடம் யாது, அவர்களுடைய தொழில் எவ்வாறு இயங்குகிறது, இன்று அது எதிர்நோக்கும் இடர் யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழுதுபார்த்தலும் உற்பத்தியே

பொருளியல் மாணவர்கள் உற்பத்தி என்றவுடன் ஆலையை நினைப்பது இயல்பு. ஆயின் பழுதுபட்ட ஒரு மூலதனப் பொருளை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொணர்வதும் மதிப்பைக் கூட்டும் செயலேயாகும். ஓடாத வாடகைக் கார் அதன் உரிமையாளருக்குச் சொத்தன்று, சுமையே. அதை ஓடச் செய்பவர் தேய்மானத்தைத் தாமதப்படுத்துகிறார். நாட்டின் மூலதன இருப்பின் ஆயுளை நீட்டிக்கிறார்.

2008ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் மோட்டார் வாகனப் பராமரிப்பும் பழுதுபார்ப்பும் 452 என்ற தொகுதியில் அடங்கும். இது ஆலை உற்பத்தியுடன் சேர்க்கப்படாமல், வாகன வணிகத்துடன் இணைத்து வைக்கப்பட்டுள்ளது. தேசிய வருமானக் கணக்கிலும் இதனை வணிகம், பழுதுபார்ப்பு, விடுதிகள், உணவகங்கள் என்ற பெருந்தலைப்பின் கீழேயே காண்கிறோம். வகைப்பாட்டு முறைக்கு இது ஏற்றதே. எனினும் இதனால் கடைக்காரரும் கைவினைஞரும் ஒரே தலைப்பில் மறைந்துவிடுகின்றனர் என்பதை ஆய்வாளர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

நமது நாட்டில் இத்தொழில் இவ்வளவு பரவியதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டத்தின்படி கார் உற்பத்திக்கு உரிமம் தேவைப்பட்டது. 1983ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வெளிவரும் வரை வாங்குவோருக்கு இருந்த தெரிவு மிகக் குறைவு. காத்திருக்கும் காலமோ நெடிது. கார் உற்பத்தி உரிம முறையிலிருந்து விடுவிக்கப்பட்டது 1993ஆம் ஆண்டிலேதான். புதிய கார் அரிதாக இருந்த அக்காலத்தில், பழைய காரைப் பேணுவது சிக்கனம் மட்டுமன்று, கட்டாயமும் ஆயிற்று. அடிப்படையில் அதிகம் மாறாத ஒரே வகைக் கார்கள் பல பத்தாண்டுகள் ஓடியதால், ஒருமுறை கற்ற தொழில் வாழ்நாள் முழுதும் சோறிட்டது.

மாற்றுவதா, சீர்செய்வதா?

செல்வ நாடுகளில் ஒரு பாகம் கெட்டால் அதனை முழுமையாக மாற்றுவதும், நம் நாட்டில் அதே பாகத்தைப் பிரித்துச் சீர்செய்வதும் ஏன்? இதனை மனப்பாங்கின் வேறுபாடு என்று கூறுவோருண்டு. விடை, கூலிக்கும் பாகத்தின் விலைக்கும் உள்ள விகிதத்தில் இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கால் இதனை விளக்கலாம்.

ஒரு காரின் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரவில்லை என்க. புதியதன் விலை 8,000 ரூபாய். அதைப் பொருத்த 1 மணி நேர உழைப்பு வேண்டும். பழையதைக் கழற்றி, தேய்ந்த கார்பன் பிரஷ்களையும் பேரிங்கையும் மாற்றி, மீண்டும் பொருத்த 600 ரூபாய்ப் பொருளும் 3 மணி நேர உழைப்பும் வேண்டும். மணிக்கூலி 150 ரூபாய் எனில், புதியதைப் பொருத்த ஆகும் செலவு 8,150 ரூபாய். சீர்செய்ய ஆகும் செலவு 1,050 ரூபாய். மணிக்கூலி 3,700 ரூபாயை எட்டும்போதுதான் இவ்விரு செலவுகளும் சமமாகும். அதற்கு மேல் கூலி உயருமாயின் மாற்றுவதே மலிவு. ஆகவே உழைப்பு மலிந்தும் மூலதனப் பொருள் அரிதாகவும் உள்ள நாட்டில் சீர்செய்தலே அறிவார்ந்த தேர்வாகும்.

இக்கணக்கிற்கு இரண்டு வரம்புகள் உண்டு. முதலாவது, சீர்செய்த பாகம் புதியதைப் போல் நெடுநாள் உழைக்காமற்போகலாம். அந்த வேறுபாட்டையும் செலவாகக் கொள்ள வேண்டும். இரண்டாவது, பிரேக், ஸ்டீயரிங் முதலிய பாதுகாப்புப் பாகங்களில் தவறின் விலை மனித உயிராகும். அங்கே சிக்கனம் வழிகாட்டியாகாது. வடநாட்டில் 'ஜுகாட்' என்று புகழப்படும் தற்காலிகச் சமாளிப்பு, வண்டியை வீடு சேர்க்கும் வரை திறமை. அதற்கு அப்பாலும் நீடிக்குமாயின் ஆபத்து.

ஒரு தெருவே ஒரு தொழிற்சாலை

தில்லியில் காஷ்மீரி கேட், கல்கத்தாவில் மல்லிக் பஜார், சென்னையில் புதுப்பேட்டை ஆகிய இடங்களை அறிந்தோர், வாகனத் தொழில் ஒரே பகுதியில் செறிந்திருப்பதைக் கண்டிருப்பர். உதிரிபாகக் கடை, லேத் பட்டறை, ரேடியேட்டருக்குப் பற்றவைப்பவர், பேட்டரி மின்னேற்றுபவர், நசுங்கிய தகட்டை நிமிர்த்தும் டிங்கர், வண்ணம் பூசுபவர், இருக்கை உறை தைப்பவர் என ஒவ்வொருவரும் தத்தம் ஒரு வேலையை மட்டுமே செய்வர். தலைமை மெக்கானிக் குறையைக் கண்டறிந்து, வேலையைப் பகுத்து அனுப்புவார். நூறடி தூரத்தில் எல்லாம் கிடைப்பதால் அவர் பெரிய இயந்திரம் எதனையும் சொந்தமாக வாங்க வேண்டுவதில்லை. பாகங்களை இருப்பு வைக்கவும் வேண்டுவதில்லை.

ஆல்பிரட் மார்ஷல் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பொருளியல் நூலில், ஒரே தொழில் ஓரிடத்தில் குவிவதால் விளையும் புறச் சிக்கனங்களை விளக்கினார். தேர்ந்த தொழிலாளர், துணைத் தொழில்கள், காற்றோடு கலந்தாற்போற் பரவும் தொழிலறிவு ஆகிய மூன்றையும் அவர் சுட்டினார். இம்மூன்றையும் மேற்கூறிய தெருக்களில் கண்கூடாகக் காணலாம். நகர விரிவாக்கத்தின்போது இப்பட்டறைகளைத் தனித்தனியே வெவ்வேறிடங்களுக்குப் பெயர்த்தால், ஒவ்வொருவருக்கும் இடம் கிடைத்தாலும் தொழில் நலிந்துவிடும். அவர்கள் உண்மையில் இழப்பது ஒருவருக்கொருவர் அருகிலிருக்கும் பயனையே. நகரத் திட்ட அலுவலர்கள் இதனைக் கருத்திற்கொள்வது நலம்.

நம்பிக்கையின் விலை

வாடிக்கையாளருக்குக் குறை தெரியாது, மெக்கானிக்குக்குத் தெரியும். 'கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது' என்று அவர் கூறினால், பெரும்பாலோர் அதனைச் சரிபார்க்கவியலாது. ஜார்ஜ் அகர்லாப் 1970ஆம் ஆண்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பழைய கார்களின் சந்தையைக் கொண்டே இத்தகைய அறிவுச் சமமின்மையை விளக்கியது. ஒரு தரப்பினர் மட்டும் உண்மையை அறிந்த சந்தையில், நல்ல பொருளும் ஐயத்திற்கு உள்ளாகி விலையிழக்கும்.

நம் சாலையோரப் பட்டறைகள் இதற்கு ஒரு தீர்வைத் தாமே கண்டன. கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளரின் கையில் கொடுப்பது அவற்றுள் ஒன்று. அவர் முன்னிலையிலேயே வண்டியைப் பிரிப்பது மற்றொன்று. எல்லாவற்றினும் மேலானது நெடுநாள் உறவு. தந்தையின் காரைப் பார்த்தவரே மகனின் காரையும் பார்ப்பார். எழுத்து மூலமான உத்தரவாதம் இல்லாத இடத்தில் நற்பெயரே உத்தரவாதமாகிறது. இதனால்தான் இடம் பெயர்க்கப்பட்ட மெக்கானிக் தம் முதலீட்டில் பெரும்பகுதியை இழக்கிறார் எனலாம்.

உஸ்தாதும் சீடனும்

வடமாநிலங்களில் தலைமை மெக்கானிக்கை 'உஸ்தாத்' என்றழைப்பது மரபு. புதிதாகச் சேரும் இளைஞன் முதலில் ஸ்பானர்களின் அளவைக் கற்பான். கேட்டதை எடுத்துக் கொடுப்பான். பின்னர் ஸ்பார்க் பிளக்கைத் துடைப்பான், சக்கரத்தைக் கழற்றுவான். சில ஆண்டுகளுக்குப் பின்னரே எஞ்சினில் கைவைக்க விடப்படுவான். ஒலியைக் கேட்டுக் குறையைச் சொல்லும் நாள் வரும்போது, அவன் தனிப்பட்டறை வைக்கும் நாளும் நெருங்கிவிடும். ஆரம்பத்தில் அவன் பெறும் மிகக் குறைந்த ஊதியம், அவன் செலுத்தும் கல்விக் கட்டணமே. எங்கும் பயன்படக்கூடிய பொதுத்திறனைக் கற்பதற்கான செலவைக் கற்பவரே ஏற்பர் என்று கேரி பெக்கர் 1964ஆம் ஆண்டில் காட்டிய கோட்பாட்டிற்கு இது தக்க சான்றாகும்.

இம்முறையின் இருண்ட பக்கத்தையும் மறைத்தலாகாது. பல பட்டறைகளில் அந்த 'இளைஞன்' சிறுவனாகவே இருந்தான். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, 14 வயது நிறையாதோரைப் பணியமர்த்துவது எல்லாத் தொழில்களிலும் பொதுவாகத் தடைசெய்யப்பட்டது. ஏழ்மையைக் காரணங்காட்டி இத்தடையைத் தளர்த்துவது நியாயமாகாது. ஆனால் பள்ளியை முடித்தவனுக்கு அதே அறிவைப் பெறும் நேர்வழியை அமைத்துத் தருவதும் நம் பொறுப்பேயாகும்.

முறைசார்ந்த வழிகள் இல்லாமலில்லை. கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. தொழில் பழகுநர் சட்டம் 1961ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டாண்டுப் படிப்பாகும். அதில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பத்தாம் வகுப்பை எட்டாத, ஆயினும் இருபதாண்டு அனுபவம் பெற்ற உஸ்தாதுக்கு இந்தக் கதவு திறப்பதில்லை. 2015ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம், முன்னரே பெற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் வழியொன்றை வகுத்தது. இவ்வழி மிகவும் பொருத்தமானது. ஆயின் சான்றிதழோடு புதிய அறிவும் சேர்ந்தாலன்றி அதன் பயன் முழுமை பெறாது.

கையிலிருந்து கணிப்பொறிக்கு

இன்றைய இடர் இங்கேதான் தோன்றுகிறது. கார்புரேட்டர் இருந்த இடத்தில் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் எரிபொருள் உட்செலுத்தி வந்துவிட்டது. பெட்ரோல் பம்பு பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே அமைந்து உயர் அழுத்தத்தில் இயங்குவதால், ஈரத்துணிக்கு வேலையில்லை. பாரத் ஸ்டேஜ் 4 விதிமுறை 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. பாரத் ஸ்டேஜ் 6 விதிமுறை 2020 ஏப்ரல் முதல் வந்தது. புகையைக் கட்டுப்படுத்தும் கருவிகளின் குறையை வண்டியிலுள்ள கணிப்பொறியே குறித்து வைக்கிறது. அதனைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும். காற்றைத் தூய்மையாக்கும் இம்மாற்றங்கள் வரவேற்கத்தக்கவையே. ஆனால் கருவியும் தொழில்நுட்பக் கையேடும் உற்பத்தியாளரிடம் மட்டுமே இருக்குமாயின், தனிப் பட்டறைக்காரரின் காதும் கையும் பயனற்றுப்போகும்.

இந்தியப் போட்டி ஆணையம் 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிறப்பித்த ஆணை இத்துறையில் ஒரு மைல்கல் ஆகும். உதிரிபாகங்களையும் குறைகாணும் கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்காவண்ணம் செய்தது போட்டிக்கு முரணானது என்று கண்டு, 14 கார் நிறுவனங்கள்மீது மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. தனிப் பட்டறையில் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்திற்காக உத்தரவாதத்தை மறுக்கலாகாது என்றும் பணித்தது. ஆணை மேல்முறையீடுகளுக்கும் உள்ளாயிற்று. நுகர்வோர் விவகாரத் துறை 2022ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையத்தளத்தில் மோட்டார் வாகனத் துறையும் இடம்பெற்றுள்ளது. கொள்கை சரியான திசையில் செல்கிறது. அது சாலையோரம் வரை சென்று சேர வேண்டும்.

மின்சாரக் கார்கள் மற்றொரு சவால். அவற்றில் எண்ணெய் மாற்றமும் ஸ்பார்க் பிளக்கும் இல்லை. நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் கொண்ட பேட்டரியோ, பயிற்சியின்றித் தொடுபவரின் உயிரைப் பறிக்கவல்லது. அங்கே அனுபவத்தால் மட்டும் கற்கும் முறை இயலாது. முதல் தவறே இறுதித் தவறாகிவிடும்.

செய்ய வேண்டுவன

இந்நிலையில் நான்கு செயல்கள் முதன்மையானவை. பட்டறைக் குழுமங்கள் உள்ள இடத்திலேயே, கூட்டாகப் பயன்படுத்தத்தக்க குறைகாணும் கருவி நிலையங்களை அமைக்கலாம். தனியொருவரால் வாங்கவியலாத கருவி, ஐம்பது பட்டறைகளுக்குப் பொதுவாயின் எளிதில் பயன்தரும். இரண்டாவதாக, வேலை நாளின் வருமானத்தை இழக்காதவாறு, மாலை நேரங்களில் அவரவர் மொழியில் குறுகிய பயிற்சிகளைத் தொழிற்பயிற்சி நிலையங்கள் நடத்தலாம். மூன்றாவதாக, கழிவு எண்ணெயும் பழைய பேட்டரியும் சாக்கடையில் சேராமல், உரிய மறுசுழற்சி நிலையங்களுக்குச் செல்ல அருகிலேயே சேகரிப்பு ஏற்பாடு வேண்டும்.

நான்காவது, அங்கீகாரம். 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 18 மரபுத் தொழில்களைத் தழுவியது. அதில் கொல்லருக்கு இடமுண்டு, மோட்டார் மெக்கானிக்குக்கு இல்லை. மரபுத் தொழில் என்ற அளவுகோலின்படி இது விளங்கத்தக்கதே. ஆயின் எஃகுத் தகட்டைச் சுத்தியலால் நிமிர்த்தும் டிங்கரும், பட்டைகளைக் காய்ச்சி வளைக்கும் ஸ்பிரிங் தொழிலாளியும் கொல்லரின் வழித்தோன்றல்களே. குருவிடமிருந்து சீடனுக்குச் செல்லும் கல்வி இருவருக்கும் பொதுவானது. அத்தகைய பயிற்சிப் படியும் கருவி உதவியும் எளிய கடனும் இவர்களுக்கும் ஏற்ற வடிவில் அமைவது பொருத்தமாகும்.

புதிய ஆலையில் ஒரு வேலையைத் தோற்றுவிக்கப் பெருமுதலீடு தேவை. சாலையோரப் பட்டறையிலோ வேலை முன்னரே இருக்கிறது, திறனும் இருக்கிறது, வாடிக்கையாளரின் நம்பிக்கையும் இருக்கிறது. குறைவது புதிய அறிவும் அதற்குரிய கருவியுமே. அவற்றை உரிய காலத்தில் அளிக்கத் தவறினால், பல பத்தாண்டுகளாக நாட்டின் வண்டிகளை ஓடவைத்த கைகள், வண்டிகளின் பழுதால் அன்றி நம் தாமதத்தாலேயே ஓய்ந்துபோகும்.