மூடிய வாயிலும் திறந்த திசைகளும்

நுழையும்முன்

மேல்நிலைக் கல்வி பயிலும் மாணவர் பலரின் மனத்தில் ஒரு கல்லூரியின் பெயர் பதிந்திருக்கும். அக்கல்லூரியில் இடம் கிடைக்காவிடில் அதுவரை கற்ற கல்வி என்னாகும்? உழைத்துப் பெற்ற திறன் எங்குச் செல்லும்? அரியலூரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் களமாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

வாயிலில் நின்ற புலவர்

பரிசில் தருவதற்கு அதியமான் காலம் தாழ்த்தியபோது ஔவையார் வாயிற்காவலனை விளித்துப் பாடிய பாடல் புறநானூற்றில் 206ஆம் பாடலாக இடம்பெற்றுள்ளது. அதில் அவர் இரண்டு செயல்களைச் செய்கிறார். முதலில், உன் மன்னன் தன்னை அறியாதவனா, என்னை அறியாதவனா என்று வினவுகிறார். பின்னர், தம் இசைக்கருவிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு புறப்பட ஆயத்தமாகிறார். தச்சுத்தொழில் கற்ற சிறுவர் கோடரியுடன் காட்டுக்குள் சென்றால் அவர்களுக்கு மரம் கிடைக்காமற் போவதில்லை. அவ்வாறே கலை கற்றவர்க்கு எந்தத் திசையிலும் உணவு உண்டு என்பது அவர்தம் துணிவு.

வாயிலை நோக்கி வினா எழுப்புவது ஒன்று; கற்ற கருவியைக் கைவிடாது நடப்பது மற்றொன்று. ஒன்றைச் செய்வதனால் மற்றொன்றைச் செய்ய வேண்டியதில்லை என்றாகிவிடாது. உயர்கல்வியின் வாயிலில் நிற்கும் இன்றைய மாணவருக்கும் இவ்விரண்டும் தேவைப்படுகின்றன.

இடங்களின் கணக்கு

இந்தியாவில் 23 இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் உள்ளன. அவற்றின் இளநிலைப் படிப்புகளில் ஆண்டுதோறும் உள்ள இடங்கள் ஏறத்தாழ 18,000. அவற்றுக்கான முதல்நிலைத் தேர்வை எழுதுவோரோ பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். 2024ஆம் ஆண்டு மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை 23 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் ஓர் இலட்சத்துக்குச் சற்று மேல்.

தேர்வு எழுதிய அனைவரும் ஒரேயளவு திறனுடையவர்களாக இருப்பினும், இடங்கள் இவ்வளவே இருக்கும்வரை இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியில் நிற்கவே நேரும். எனவே, இடம் கிடைக்கவில்லை என்பதற்கும் தகுதி இல்லை என்பதற்கும் பொருள் ஒன்றன்று. முன்னது எண்ணிக்கையைப் பற்றிய செய்தி. பின்னது ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பு. செய்தியைத் தீர்ப்பாகக் கொள்வதே பெரும்பாலான மனத்துயருக்கு வித்தாகிறது.

மூன்று திசைகள்

அரியலூரிலிருந்து தெற்கே சென்று கொள்ளிடத்தைக் கடந்தால் கும்பகோணம், மேற்கே திருச்சிராப்பள்ளி, கிழக்கே சிதம்பரம். இம்மூன்று ஊர்களோடும் தொடர்புடைய மூவர் உலகறிந்தவர்கள். மூவரும் ஒரு காலத்தில் மறுக்கப்பட்டவர்கள்.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சீனிவாச இராமானுசன் 1904ஆம் ஆண்டு உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்தில் ஆழ்ந்து ஏனைய பாடங்களைப் புறக்கணித்தமையால் அவ்வுதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோல்வியுற்றார். பட்டம் இல்லை; வேலையும் இல்லை. ஆயினும் குறிப்பேடுகளில் கணிதத் தேற்றங்கள் நிரம்பிக்கொண்டே இருந்தன. 1911இல் இந்தியக் கணிதவியல் கழகத்தின் இதழில் அவருடைய முதல் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய மடல் புதிய வழியைத் திறந்தது. தேர்வில் தோற்ற அவர், 1918இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார்.

திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். சென்னை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் பயிலத் தேவைப்பட்ட பணத்துக்காக அவருடைய தமக்கை சோகரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். விமானியாவதே கலாமின் கனவு. 1958இல் தேராதூனில் நடைபெற்ற விமானப்படைத் தேர்வில் பங்கேற்ற 25 பேரில் எண்மர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கலாம் பெற்ற இடம் ஒன்பது. துயருடன் திரும்பிய அவர், பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் 250 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் பணியேற்றார். 1980இல் விண்ணேறிய எஸ்.எல்.வி.-3 ஏவுகலத் திட்டத்தின் இயக்குநராகவும் 2002இல் நாட்டின் குடியரசுத் தலைவராகவும் உயர்ந்தார்.

சிதம்பரத்தில் 1952இல் பிறந்தவர் வெங்கி இராமகிருஷ்ணன். ஐ.ஐ.டி.யிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் தமக்கு இடம் கிடைக்கவில்லை என்பதை அவரே வெளிப்படையாகக் கூறியுள்ளார். பரோடா பல்கலைக்கழகத்தில் தேசிய அறிவியல் உதவித்தொகையுடன் இயற்பியல் பயின்று 1971இல் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் ஓகையோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பின்னர், தம் நாட்டம் உயிரியலில் இருப்பதை உணர்ந்து மீண்டும் மாணவராகச் சேர்ந்து அதன் அடிப்படைகளைக் கற்றார். ஆசிரியர் பணிக்காக ஏறத்தாழ 50 கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தும் பணி கிட்டவில்லை. ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியேற்று ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். உயிரணுவினுள் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்தமைக்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

இம்மூவரும் அரிய அறிவாளர்கள். எல்லாருக்கும் இவர்தம் புகழ் வாய்க்கும் என்று கொள்வது பொருந்தாது. ஆனால், இவர்களிடம் அனைவரும் பின்பற்றத்தக்க பொதுக்கூறுகள் இரண்டு உண்டு. மறுக்கப்பட்ட நாளுக்கு அடுத்த நாளும் அவர்கள் தம் துறையில் உழைத்தனர் என்பது முதலாவது. அவர்கள் தனித்து நிற்கவில்லை என்பது இரண்டாவது. ஒருவருக்குத் தமக்கையின் நகை உதவியது. ஒருவருக்கு உதவித்தொகை உதவியது. ஒருவருக்குக் கணித ஆர்வலர்களின் பரிந்துரை உதவியது. உதவி கேட்பதும் பெறுவதும் இழிவல்ல.

ஆய்வு கூறும் உண்மை

பெயர்பெற்ற கல்லூரியே வாழ்வைத் தீர்மானிக்கிறதா என்பதனை அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் ஆகியோர் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டனர். 1976இல் கல்லூரியில் சேர்ந்த மாணவர்களின் பிற்கால வருவாயை அவர்கள் ஒப்பிட்டனர். ஒத்த திறனும் ஒத்த நோக்கமும் கொண்ட மாணவர்களுள், புகழ்மிக்க கல்லூரியில் பயின்றவர்க்கும் பிற கல்லூரிகளில் பயின்றவர்க்கும் இடையே சராசரி வருவாயில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மாணவரின் திறனும் ஊக்கமும் அவர் செல்லும் இடமெல்லாம் அவருடன் சென்றன.

எனினும், அவ்வாய்வு ஒரு விதிவிலக்கையும் காட்டியது. வருவாய் குறைந்த குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்களுக்குச் சிறந்த கல்லூரி உண்மையாகவே கூடுதல் பயன் அளித்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் குடும்பமே தரும் தொடர்புகளையும் வழிகாட்டுதலையும், முதல் தலைமுறையாகக் கற்கும் பிள்ளைக்குக் கல்லூரியே தர வேண்டியிருக்கிறது. ஆதலால், எங்குப் படித்தாலும் ஒன்றே என்று ஏழை மாணவரிடம் கூறிவிட்டு அமைவது நேர்மையாகாது. வாயிலை நோக்கி எழும் வினாவுக்கு இங்குத்தான் இடமுண்டு.

குழுமூர் எழுப்பிய வினா

அரியலூர் மாவட்டம் செந்துறைக்கு அருகில் உள்ளது குழுமூர். அவ்வூரைச் சேர்ந்த அனிதா, சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரின் மகள். மருத்துவராக விரும்பிய அவர் 2017ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றார். தமிழ்நாட்டில் 2007 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையிலேயே மருத்துவச் சேர்க்கை நடைபெற்று வந்தது. 2017இல் நீட் தேர்வு அடிப்படையாயிற்று. அத்தேர்வில் அவர் பெற்றது 720க்கு 86. ஒரே மாணவியை ஒரே ஆண்டில் இரண்டு அளவுகோல்கள் இருவேறாக அளந்தன. ஒரு பாடத்திட்டத்தில் பயின்றவரை, பயிற்சி மையங்களின் துணை பெரிதும் தேவைப்படும் மற்றொரு தேர்வால் அளப்பது முறையா என்னும் வினாவை உச்ச நீதிமன்றம்வரை அவர் கொண்டு சென்றார். நீட் அடிப்படையிலேயே சேர்க்கை நடைபெற வேண்டும் என நீதிமன்றம் ஆணையிட்டது. 2017 செப்டம்பர் 1ஆம் நாள் தமிழகம் அனிதாவை இழந்தது.

அவ்விழப்பு ஈடுசெய்ய இயலாதது. எந்த மதிப்பெண்ணும் எந்தக் கல்லூரியின் இடமும் ஓர் உயிருக்கு நிகராகா. பின்னாளில் நேர்ந்த மாற்றங்கள் பலர் ஆராய்ந்தும் வாதிட்டும் உழைத்தும் பெற்றவை. அவற்றைக் காண்பதற்கு அனிதா இருந்திருக்க வேண்டும்.

அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை பயின்று நீட் தேர்வில் தகுதி பெற்றோருக்கு மருத்துவப் படிப்புகளில் 7.5 விழுக்காட்டு இடங்களை முன்னுரிமையாக வழங்கும் சட்டம் 2020இல் இயற்றப்பட்டது. முதல் ஆண்டிலேயே 300க்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்க்குக் கிடைத்தன. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இம்முன்னுரிமை 2021இல் விரிவுபடுத்தப்பட்டது. 2022 சனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் அரியலூர்க் கல்லூரியும் ஒன்று. அதன் அரங்கிற்கு அனிதாவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. மருத்துவம் பயில வேற்றூர் செல்ல வேண்டியிருந்த மாவட்டத்திற்கே மருத்துவக் கல்லூரி வந்தது. வாயில்கள் இயற்கையாக அமைந்தவை அல்ல, மனிதர் அமைத்தவை. ஆகவே, மனிதர் முயன்றால் அவை அகலும்.

சுற்றிச் செல்லும் வழிகள்

பன்னிரண்டாம் வகுப்பின் முடிவில் மூடும் வாயில் பின்னர் வேறொரு பக்கத்தில் திறப்பதும் உண்டு. கலை அறிவியல் கல்லூரியில் இளம் அறிவியல் பட்டம் பெறுவோர் ஜாம் தேர்வின் வழியாக ஐ.ஐ.டி.களில் முதுநிலைப் படிப்பில் சேரலாம். பொறியியல் பட்டம் பெற்றோர்க்குக் கேட் தேர்வு அதே வாய்ப்பைத் தருகிறது. பல்தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டயம் பெற்றோர் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்தில் பட்டயப் படிப்பில் தொடங்கி, பொறியியல் பட்டங்களைப் பெற்று, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவரானவர். 2023 ஆகத்து 23 அன்று அத்திட்டத்தின் ஊர்தி நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது.

பலரும் எண்ணிப் பாராத துறைகளும் உள்ளன. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் பெரும்பகுதி ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் இருந்தது. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்றைய சிமெண்டு ஆலைகளுக்கு மூலப்பொருள். வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகமும் சாத்தனூர்க் கல்மரமும் அக்காலத்தின் சான்றுகள். உலக நிலவியல் அறிஞர் நாடிவரும் இம்மண்ணில் பிறந்த மாணவர்க்கு நிலவியல் என்னும் துறை விருப்பப் பட்டியலில் தோன்றாமலே போவதுண்டு. விரும்பப்படும் படிப்புகளின் பட்டியல் சிறிது. கல்வியின் பரப்போ பெரிது.

நிறைவாக

மறுக்கப்பட்டவர் செல்ல வேண்டிய இடம் எது என்னும் வினாவுக்கு ஒரு கல்லூரியின் பெயரை விடையாகக் கூற இயலாது. கற்றலைத் தொடர இயலும் எந்த இடமும் அதற்கு விடையாகும். கும்பகோணத்துக் குறிப்பேடுகளும் பரோடாவின் வகுப்பறையும் அத்தகைய இடங்களே. அதே வேளையில், அளவுகோல் நேரியதா என வினவும் உரிமையும் கற்றவர்க்கு உண்டு. கருவியைக் கைவிடாது நடந்தவர்களால் அறிவு வளர்ந்தது. வாயிலை வினவியவர்களால் நீதி வளர்ந்தது. இவ்விரண்டையும் செய்தவர் ஔவையார். அவர் எழுப்பிய வினாவும் கொண்டிருந்த துணிவும் இன்றைய மாணவர்க்கும் உரியவை.

தெரியுமா?

தேர்வு முடிவுகளால் மனம் தளர்வோர் தமிழ்நாடு அரசின் 104 எண்ணையும், 14416 என்னும் டெலி மனாஸ் எண்ணையும் கட்டணமின்றி அழைத்து மனநல ஆலோசனை பெறலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில், விரும்பிய படிப்பில் இடம் கிடைக்காமல் வேறு துறையில் சிறந்து விளங்கும் ஒருவரை நேர்கண்டு, அவர்தம் பட்டறிவை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. உங்கள் மாவட்டத்தில் உள்ள அரசுக் கல்லூரிகளையும் அவற்றில் கற்பிக்கப்படும் பாடப்பிரிவுகளையும் பட்டியலிட்டு, அதுவரை நீங்கள் கேள்விப்படாத பாடப்பிரிவு ஒன்றைப் பற்றி வகுப்பில் பேசுக.

3. ‘ஒரே தேர்வு அனைவரையும் சமமாக அளக்குமா?’ என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா: இடம் கிடைக்கவில்லை என்பதற்கும் தகுதி இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?

சிறுவினா: டேல், குரூகர் ஆய்வு காட்டிய விதிவிலக்கை விளக்குக.

நெடுவினா: ‘கருவியைக் கைவிடாமையும் வாயிலை வினவுதலும் கற்றவரின் இரு கடமைகள்’ – பாடப்பகுதி கொண்டு நிறுவுக.