படங்கள் வீட்டுக்கு வரட்டும், மெயில் இருந்த இடத்தில் இருக்கட்டும்

கேள்வி: ஜிமெயிலைத் திறந்தாலே "இடம் நிரம்பிவிட்டது" என்று வருகிறது. மறைந்த கணவரின் படங்கள், பேரப்பிள்ளைகளின் வீடியோக்கள் எல்லாம் கூகுள் போட்டோஸில்தான் இருக்கின்றன. பெங்களூரில் இருக்கும் மகன், "பழைய லேப்டாப்பையே சர்வராக்கிடலாம், இனி கூகுளே வேண்டாம்" என்கிறான். நம்பி இறங்கலாமா? கரண்ட் பில் எகிறாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி

பதில்: இறங்கலாம் அம்மா. ஆனால் "கூகுளே வேண்டாம்" என்பதை மகன் கொஞ்ச காலம் தள்ளிவைக்கட்டும்.

2021 மே மாதம் வரை, தரத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாகப் போடலாம் என்று கூகுள் அனுமதித்தது. ஜூன் 1 முதல் மெயில், டிரைவ், படம் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம் என்றாகிவிட்டது. காசு கேட்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2022இல் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, உடம்பு சரியில்லாத குழந்தையின் படத்தை டாக்டருக்கு அனுப்புவதற்காகப் போனில் எடுத்தார். கூகுளின் தானியங்கிச் சோதனை அதைக் குழந்தைகள் மீதான பாலியல் குற்றமாக எடுத்துக்கொண்டது, கணக்கு மூடப்பட்டது. போலீஸ் விசாரித்து, குற்றம் ஏதுமில்லை என்றது. அப்படியும் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. மெயில், படங்கள், கூகுளிடம் வாங்கியிருந்த போன் நம்பர் எல்லாம் ஒரே சாவியில் இருந்தன. சாவி போனதும் எல்லாமே போயிற்று. உங்கள் கணவரின் படங்களுக்கு இன்னொரு பிரதி வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் இருந்தால் போதும். அதில் டெபியன் லினக்ஸ், அதன்மேல் 'இம்மிச்' என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். போனில் எடுக்கும் படம் தானாக வந்து சேரும், முகங்களைப் பிரித்துக் காட்டும், தேதிவாரியாக அடுக்கும். பார்ப்பதற்கு ஏறக்குறைய கூகுள் போட்டோஸ் மாதிரியே இருக்கும். முகம் அடையாளம் காணும் வேலை உங்கள் கூடத்து லேப்டாப்புக்குள்ளேயே முடிந்துவிடும். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் சின்ன மின்வெட்டைத் தாங்கும். ஆனால் பழைய பேட்டரி உப்பியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

கரண்ட்? சும்மா ஓடும் லேப்டாப் 15 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். இரண்டு மாதத்துக்கு 22 யூனிட் வரும். உங்கள் ரீடிங் 500 யூனிட்டை ஒட்டிப் போகிறது என்றால் மட்டும் கவனம். அதைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும்.

மகன் தடுமாறப்போகும் இடங்கள் இரண்டு. கூகுளிலிருந்து 'டேக்அவுட்' வழியாகப் படங்களை இறக்கும்போது, எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்கள் தனித்தனி ஜேசன் கோப்புகளாக வரும். அவற்றைச் சேர்க்காமல் ஏற்றினால் 2012ஆம் வருடக் கல்யாணம் நேற்று நடந்ததாகக் காட்டக்கூடும். 'இம்மிச்-கோ' என்ற கருவி இரண்டையும் இணைத்தே ஏற்றும். அடுத்தது, வீட்டு ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் உங்களுக்கென்று தனி ஐபி முகவரி கிடையாது. பல வீடுகளுக்கு ஒன்றைப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். அதனால் பெங்களூரிலிருந்து மகனால் நேரடியாக உள்ளே வர முடியாது. 'டெய்ல்ஸ்கேல்' என்ற மென்பொருளை இரண்டு பக்கமும் போட்டால் வரலாம். (அதில் கணக்குத் தொடங்கும் வழிகளில் கூகுள் லாகினும் ஒன்று. சிரித்துவிட்டுத் தாண்டுங்கள்.)

இதெல்லாம் ஒரு வார இறுதி வேலை. உண்மையான வேலை பேக்கப். பழைய லேப்டாப்பின் டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் போகும். கூகுள் தரவு மையத்தில் ஒரு டிஸ்க் போனால் உங்களுக்குத் தெரியவே தெரியாது, வீட்டில் போனால் படங்களே போய்விடும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது புகைப்படக்காரர்கள் பின்பற்றும் கணக்கு. ஒரு வெளி டிஸ்க்கை வாங்கி நகலெடுத்து மகனிடம் கொடுத்தனுப்புங்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் புதுப்பிக்கட்டும். படங்களோடு இம்மிச்சின் டேட்டாபேஸையும் நகலெடுக்க வேண்டும். ஆல்பங்களும் நீங்கள் முகங்களுக்கு இட்ட பெயர்களும் அதில்தான் இருக்கின்றன. நகலிலிருந்து ஒருமுறை மீட்டெடுத்துப் பார்த்த பிறகே கூகுளில் இருப்பதை அழிக்கலாம். பாஸ்வேர்டுகளையும் சர்வரை மறுபடி கிளப்பும் முறையையும் ஒரு தாளில் எழுதி பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சிறிய பதிப்பகம் நடத்துகிறேன். மெயிலையும் சொந்த சர்வருக்கு மாற்ற ஆசை. அல்லது நம்ம ஊர் ஜோஹோவுக்குப் போனால் போதுமா?
– வாசகர், சிவகாசி

பதில்: மெயில் சர்வரை வீட்டில் வைக்காதீர்கள். மெயில் அனுப்பத் தேவையான போர்ட் 25ஐப் பல இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் அடைத்துவைத்திருக்கின்றன. அது திறந்திருந்தாலும், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற சரிபார்ப்பு முறைகளை எல்லாம் சரியாக அமைத்தாலும், அறிமுகமில்லாத ஐபியிலிருந்து வரும் கடிதத்தை ஜிமெயில் ஸ்பேமில் தள்ளிவிடக்கூடும். உங்கள் இன்வாய்ஸ் அங்கே கிடந்தால் நஷ்டம் உங்களுக்கு.

ஜோஹோ நல்ல சேவை. ஆனால் ஓப்பன் சோர்ஸ் அல்ல, சர்வரும் அவர்களுடையது. வாடகை வீட்டை மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். அதில் தவறில்லை. பதிப்பகத்தின் பெயரில் ஒரு டொமைனை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். முகவரி உங்களுடையதாக இருந்தால், நாளைக்கே ஜோஹோவை விட்டு வேறிடம் போனாலும் வாடிக்கையாளருக்குத் தெரியாது. மெயில்களைத் தண்டர்பேர்டு மென்பொருள் மூலம் உங்கள் கணினிக்கும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சர்வர் கிர்வர் எல்லாம் எனக்கு ஆகாது. உடனே செய்யக்கூடியது ஏதாவது?
– கல்லூரி மாணவி, விழுப்புரம்

பதில்: குரோமுக்குப் பதில் ஃபயர்பாக்ஸ், எம்எஸ் ஆபீசுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ், வழி பார்க்க ஆர்கானிக் மேப்ஸ், பாஸ்வேர்டுகளுக்கு பிட்வார்டன். ஆர்கானிக் மேப்ஸில் பஸ் நேரமோ டிராஃபிக் நெரிசலோ தெரியாது. ஆனால் வரைபடத்தை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலே ஓடும்.

உங்கள் ஊரிலேயே விழுப்புரம் ஜிஎன்யு/லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. லேப்டாப்போடு போய்ப் பாருங்கள்.