வெளிக் கடையில் காசு கொடுத்து ஆப் வாங்கலாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையில் நான் சாப்ட்வேர் இன்ஜினியராக இருக்கிறேன். சென்ற மாதம் ஷிப்ட் முடிந்து வந்த அண்ணன் ஒருவர் தன் புதிய ஸ்மார்ட் போனை என்னிடம் நீட்டினார். "தம்பி, பையன் படிப்புக்கு ஒரு ஆப் வேணும். பிளே ஸ்டோர்ல காசு கேக்குது. அதே ஆப் வேற ஒரு கடையில பாதி விலைக்கு இருக்கு. வாங்கலாமா?" என்றார். புதிதாகக் கம்ப்யூட்டரும் போனும் வாங்கிய பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும். எனவே, சற்று விளக்கமாகவே பார்ப்போம்.

வெளிக் கடை என்றால் என்ன?

கம்ப்யூட்டரில் எந்த இணைய தளத்திலிருந்தும் சாப்ட்வேரை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்கிறோம். போனில் அப்படி இல்லை. ஆண்ட்ராய்ட் போனுக்குப் பிளே ஸ்டோர், ஐபோனுக்கு ஆப் ஸ்டோர் எனக் கடை போனுடனேயே வந்துவிடுகிறது. இவற்றைத் தவிர மற்றவை வெளிக் கடைகள். எல்லா வெளிக் கடையும் திருட்டுக் கடை அல்ல. போன்பே நிறுவனம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய இண்டஸ் ஆப்ஸ்டோர், இலவச ஆப்களை மட்டும் தரும் எப்-டிராய்ட் ஆகியவை நேர்மையானவை. விலையுள்ள ஆப்பின் பூட்டை உடைத்துச் சும்மாவோ பாதி விலைக்கோ தருபவை வேறு ரகம்.

கடை மூடினால்?

வெளிக் கடையில் விலைக்கு ஆப் விற்பது புதிதல்ல. ஐபோனின் கட்டுப்பாடுகளை உடைத்துப் பயன்படுத்துவோருக்காக, ஜே ப்ரீமேன் என்பவர் 2008ல் சிடியா என்ற கடையை உருவாக்கினார். ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே அது வந்துவிட்டது. 2009 மார்ச்சில் அங்கே காசுக்கு விற்பனையும் தொடங்கியது. 2018 டிசம்பரில் அந்த விற்பனையை அவரே நிறுத்திவிட்டார்.

பெரிய நிறுவனத்தின் கடை என்றால் நிலைக்குமா? ஆண்ட்ராய்ட் போன்களுக்கான தன் ஆப் ஸ்டோரை அமேசான் 2025 ஆகஸ்ட் 20ல் மூடியது. அங்கே வாங்கிய ஆப்கள் அதன்பின் போனில் ஒழுங்காக இயங்கும் என்பதற்கு உறுதி இல்லை என்றும் சொல்லிவிட்டது. ஆக, ஆப்புக்குக் காசு கொடுக்கும்போது அதை விற்கும் கடையையும் நம்பித்தான் கொடுக்கிறோம்.

முத்திரை உடைந்த லாரி

சிப்காட் கேட்டுக்கு வரும் கன்டெய்னர் லாரியைப் பார்த்திருப்பீர்கள். கதவில் எண்ணிட்ட சீல் இருக்கும். எண் மாறியிருந்தால் வழியில் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று பொருள். ஆண்ட்ராய்ட் ஆப்பிலும் இப்படி ஒரு டிஜிட்டல் முத்திரை உண்டு. பைலில் ஒரு எழுத்தை மாற்றினாலும் முத்திரை உடையும். பூட்டை உடைத்தவர் தன் முத்திரையைத்தான் புதிதாக இட முடியும். அதனால்தான் அசல் ஆப்பின் அப்டேட்டை அதன் மேல் இன்ஸ்டால் செய்ய முடிவதில்லை. அப்டேட் இல்லை என்றால் பாதுகாப்பு ஓட்டைகளும் அடைபடாது. எப்-டிராய்ட் போன்ற சில கடைகள் தங்கள் முத்திரையை இடுவதுண்டு. ஆனால், அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவார்கள்.

இது எனக்குப் பட்ட பின்தான் புரிந்தது. கல்லூரி இரண்டாம் ஆண்டில், விலையுள்ள ஒரு வரைபட ஆப்பை இப்படி ஓசியில் இறக்கினேன். எஸ்.எம்.எஸ். அனுமதி கேட்டது, யோசிக்காமல் கொடுத்தேன். கட்டணச் சேவைகளுக்கு அதுவே எஸ்.எம்.எஸ். அனுப்பி, அப்பா செய்து தந்த ரீசார்ஜ் முழுவதையும் இரண்டே நாளில் கரைத்துவிட்டது. இன்று அதே அனுமதியின் வழியாக வங்கி ஓ.டி.பி.யே போய்விடும்.

காசு கொடுக்கும் முன்

1. ஆப்பை உருவாக்கியவரின் இணைய தளத்துக்குச் செல்லுங்கள். எந்தக் கடையில் விற்கிறோம் என்று அங்கே குறிப்பிட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத கடையில் வாங்க வேண்டாம்.

2. பணம் திரும்பக் கிடைக்க வழி உண்டா எனப் பாருங்கள். பிளே ஸ்டோரில் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் கேட்கலாம். தனி நபரின் யு.பி.ஐ. எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் விலகிவிடுங்கள்.

3. வரைபட ஆப்புக்கு எஸ்.எம்.எஸ். எதற்கு? வேலைக்குத் தொடர்பில்லாத அனுமதியை மறுத்துவிடுங்கள்.

4. செட்டிங்ஸில் "இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்" என்று தேடுங்கள். ஆண்ட்ராய்ட் 8 முதல் இந்த அனுமதி ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியே உண்டு. பிரவுசர், வாட்ஸ்அப் இரண்டுக்கும் அது ஆப் செய்யப்பட்டிருக்கட்டும்.

5. பணம் பறிபோய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள்.

அண்ணனின் ஆப்பையும் இப்படியே சோதித்தோம். உருவாக்கியவரின் தளத்தில் அந்தப் பாதி விலைக் கடையின் பெயரே இல்லை. பிளே ஸ்டோரில் அதே ஆப்பின் இலவசப் பதிப்பு இருந்தது. பையனுடைய வகுப்புப் பாடத்துக்கு அதுவே போதும். "அப்ப முழுக் காசும் மிச்சம்னு சொல்லு தம்பி" என்று சிரித்துக்கொண்டே ரயிலைப் பிடிக்க ஓடினார்.